ஒப்புக்கொடுத்துவிட்டேன் என்கிறேன், விடிந்தால் அதே பயம்

கேள்வி. 2 மார்ச் 2024

அக்கா, நேராகவே கேட்கிறேன். ஏழெட்டு வருடமாக "ஆண்டவரே, என்னை உமக்கு ஒப்புக்கொடுக்கிறேன், உம்முடைய சித்தம்போல் ஆகட்டும்" என்று ஜெபித்து வருகிறேன். கூட்டங்களில் எழுந்து நின்று அர்ப்பணித்திருக்கிறேன், அழுதிருக்கிறேன். அன்று இரவு மனது லேசாகத்தான் இருக்கும். விடிந்தால் அதே பயம், அதே கணக்கு. வேலை நிலைக்குமா, அம்மாவின் உடம்பு என்ன ஆகும். ஒரு சகோதரர் சொன்னார்: "உனக்குத் தாழ்மை இல்லை. சுயம் சாகவில்லை. அதனால்தான் உன்னால் ஒப்புக்கொடுக்க முடியவில்லை." அப்படியென்றால் இத்தனை நாள் நான் ஜெபித்ததெல்லாம் பொய்யா?

2 மார்ச், இரவு 10.15

பொய்யில்லை தம்பி. அதை முதலில் சொல்லிவிடுகிறேன், மற்றதை அப்புறம் பேசலாம்.

ஒப்புக்கொடுத்தல் ஒரே முறை நடப்பது. கொடுத்தால் கொடுத்ததுதான். இரவில் கொடுத்ததைக் காலையில் போய் நாமே திரும்ப எடுத்துக்கொள்கிறோம், பயமும் அதோடு சேர்ந்து வந்துவிடுகிறது. ஆகவே திரும்ப எடுக்காதே. யாக்கோபு 4-ல் 6-ம் வசனமும் 7-ம் வசனமும் அடுத்தடுத்து நிற்பதைப் பார். தாழ்மையுள்ளவர்களுக்குக் கிருபை என்று சொல்லிவிட்டு, உடனே "ஆகையால், தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்" என்கிறது. தாழ்மை முதலில், கீழ்ப்படிதல் அதன் பின்னால். அந்தச் சகோதரர் சொன்னதில் கொஞ்சம் உண்மை இருக்கிறது.

3 மார்ச், விடியற்காலை 4.50

தூக்கம் வரவில்லை. இரவு எழுதியதை இரண்டு தடவை படித்துப் பார்த்தேன். ரொம்பச் சுலபமாகச் சொல்லிவிட்டேன். "திரும்ப எடுக்காதே" என்று எழுதிய இதே கை எத்தனை தடவை திரும்ப எடுத்திருக்கிறது என்று எனக்குத் தெரியும்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்த முதல் வாரம். தீவிர சிகிச்சைப் பிரிவின் கதவுக்கு எதிரே ஒரு இரும்பு நாற்காலி. கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு கண்ணாடி. கதவு அசையும்போதெல்லாம் எழுந்து நிற்பேன். மூன்று நாள் அப்படித்தான் போனது. கண்ணை மூடி "அப்பாவை உம்முடைய கையில் கொடுத்துவிட்டேன்" என்பேன். ஆமென் சொல்லி முடிப்பதற்குள் கதவு அசையும், எழுந்து நிற்பேன்.

என்னிடம் ஒரு துண்டுச் சீட்டு இருந்தது. எந்த மருந்து எத்தனை மணிக்கு, எந்த டாக்டர் என்ன சொன்னார், இரத்த அழுத்தம் எவ்வளவு, எல்லாம் என் கையெழுத்தில். மடித்து மடித்து, மடிப்பிலேயே கிழியத் தொடங்கியிருந்தது. என் உடன்பிறந்த தம்பி "நீ போய்க் கொஞ்சம் படு, நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றான். சீட்டை அவனிடம் கொடுக்க மனம் வரவில்லை. மறதிக்காரன். மணி பார்க்க மாட்டான். டாக்டரிடம் கேட்க வேண்டியதைக் கேட்க மாட்டான். நான்காம் நாள் இரவு கால் நிற்கவில்லை. சீட்டை அவன் கையில் வைத்துவிட்டு வராந்தா பெஞ்சில் சாய்ந்தேன். ஆறு மணி நேரம் தூங்கியிருக்கிறேன். எழுந்து வந்து பார்த்தால் அப்பா இருந்தபடியே இருந்தார். சீட்டில் என் எழுத்துக்குக் கீழே அவன் எழுத்து. பன்னிரண்டு மணி, இரண்டு மணி, நான்கு மணி. ஒன்றுகூட விடவில்லை.

மூன்று நாள் ஜெபத்தில் கொடுக்காததை அந்தச் சீட்டைக் கொடுத்தபோதுதான் ஆண்டவரிடம் கொடுத்தேன். அதுவரை என் பிரச்சினை விசுவாசக் குறைவு என்றே நினைத்திருந்தேன். 'நான் பார்க்காவிட்டால் இங்கே எதுவும் சரியாக நடக்காது' என்று உள்ளுக்குள் உட்கார்ந்திருந்தது எனக்குத் தெரியவில்லை. பாசம் என்று நினைத்தேன். பாசமும் இருந்தது. அதன் மேல் பெருமை ஏறி உட்கார்ந்திருந்தது.

3 மார்ச், ஆராதனை முடிந்து வந்தபின்

காலையில் எழுதியது மனதைவிட்டுப் போகவில்லை. வந்ததும் 1 பேதுரு 5-ஐ எடுத்து வைத்துக்கொண்டேன்.

நம் பழைய மொழிபெயர்ப்பில் 6-ம் வசனம் "அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்" என்று முடிகிறது. முற்றுப்புள்ளி. 7-ம் வசனம் "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் வைத்துவிடுங்கள்" என்கிறது. இரண்டு வாக்கியம், இரண்டு கட்டளை. நான் கேட்ட பிரசங்கங்களிலும் இரண்டாகத்தான் பிரிப்பார்கள். தாழ்மைக்கு ஒரு ஞாயிறு, கவலைக்கு இன்னொரு ஞாயிறு.

கிரேக்க மூலத்தில் கட்டளை ஒன்றுதான். 'உங்களைத் தாழ்த்துங்கள்' என்பது மட்டும்தான் அங்கே முற்று. 'வைத்துவிடுங்கள்' என்று நாம் படிக்கிற இடத்தில் நம் வினையெச்சம் மாதிரி ஒரு வடிவம் இருக்கிறது. அந்த உருவிலேயே தமிழில் சொல்லிப் பாருங்கள்: "உங்கள் கவலைகளையெல்லாம் அவர்மேல் போட்டு, அவருடைய பலத்த கைக்குள் அடங்கியிருங்கள்." போட்டு. எச்சத்துக்குத் தனியாக நிற்கத் தெரியாது, முற்றில் போய்த்தான் முடியும். எப்படித் தாழ்வது என்று கேட்டால் அந்த 'போட்டு'தான் பதில்.

தம்பி, 'தாழ்மை முதலில், கீழ்ப்படிதல் பின்னால்' என்று நேற்று நான் வரிசை போட்டேன். உன் சகோதரரும் அதே வரிசையைத்தான் உன் தலையில் வைத்தார். பேதுரு அப்படி வரிசை வைக்கவில்லை. தாழ்மை என்று ஒரு தகுதியைச் சம்பாதித்துக்கொண்டு வா, அப்புறம் உன் கவலையை வாங்கிக்கொள்கிறேன் என்று ஆண்டவர் வாசலில் நிறுத்தி வைக்கவில்லை. காலையில் பயத்தோடு எழுந்து "இதை என்னால் சுமக்க முடியவில்லை" என்று நீ சொல்கிறாயே, அப்போதே தாழ்ந்தாயிற்று.

5 மார்ச்

ஒரு பெரியவர் என்னைத் திருத்தி எழுதியிருக்கிறார். 'ஒரே முறை நடப்பது' என்று நான் எழுதியது தவறு, கெத்செமனேயைப் படித்துப் பாருங்கள் அம்மா என்கிறார். ஐயா, ஏற்றுக்கொள்கிறேன். அந்த வரியை அழிக்காமல் விட்டுவைக்கிறேன், நான் எங்கே தொடங்கினேன் என்று தெரியட்டும்.

மத்தேயு 26-ல் இயேசு பிடிபடுவதற்கு முன்னால் அந்தக் கெத்செமனே தோட்டத்தில் மூன்று தரம் ஜெபிக்கிறார். முதல் தரம், இந்தப் பாத்திரம் நீங்கக்கூடுமானால் நீங்கும்படி செய்யும் என்பது முன்னால் வருகிறது, "ஆகிலும் என் சித்தத்தின்படியல்ல" என்பது பின்னால். இரண்டாம் தரம் பேச்சு கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. நான் இதைக் குடித்தாலொழிய இது நீங்காது என்றால் உம்முடைய சித்தம் ஆகட்டும் என்கிறார். 'நீங்கும்படி செய்யும்' இப்போது இல்லை. மூன்றாம் தரம் "அந்த வார்த்தைகளையே" சொல்லி ஜெபித்தார் என்று மத்தேயு எழுதுகிறார்.

முதல் ஜெபத்திலேயே முழுவதும் கொடுத்துவிட்டார். ஆனாலும் எழுந்து போய்விட்டுத் திரும்ப வந்து மறுபடி ஜெபிக்கிறார். திரும்பி வந்ததால் முதல் ஜெபம் செல்லாமல் போயிற்றா? அவரே ஒரே இரவில் மூன்று தரம் சொன்னதை நீயும் நானும் ஒரே தரத்தில் முடித்துவிட வேண்டும் என்று யார் சொன்னது? நான்தான் சொன்னேன், மூன்று நாளுக்கு முன்னால்.

இன்னொன்று. ஒவ்வொரு ஜெபத்துக்கும் நடுவில் அவர் எழுந்து போய்ச் சீஷரைப் பார்க்கிறார். தூங்குகிறார்கள் என்று தெரிந்தும் மறுபடி போகிறார். துணைக்கு ஆள் தேடுவது ஒப்புக்கொடுத்தலுக்கு விரோதம் என்று நினைக்கிறவர்கள் அந்தப் பகுதியை நிதானமாகப் படிக்க வேண்டும்.

8 மார்ச்

"அப்படியென்றால் வேலை தேடாமல், மருத்துவரைப் பார்க்காமல், ஆண்டவருடைய சித்தம் என்று உட்கார்ந்துவிடலாமா" என்று கேட்டவருக்கு.

கூடாது. சாமுவேல் புத்தகத்தின் முதல் மூன்று அதிகாரங்களில் ஒரே ஆலயத்தில் இரண்டு பேர் இருக்கிறார்கள். ஆசாரியன் ஏலி ஒருவர், பிள்ளையில்லாத அன்னாள் ஒருவர். ஏலியின் வீட்டுக்கு நியாயத்தீர்ப்பு வருகிறது என்று சிறுவன் சாமுவேல் சொன்னபோது, ஏலி சொன்ன பதில் கேட்பதற்கு அவ்வளவு அழகு: "அவர் கர்த்தர், அவர் தமது பார்வைக்கு நலமானதைச் செய்வாராக." சரணாகதி என்றால் இதுதான் என்று எடுத்து எழுதி வைக்கலாம் போலிருக்கும். ஆனால் ஐந்து வசனம் முன்னால் போய்ப் பாருங்கள். தன் மகன்கள் செய்வது தெரிந்தும் அவர்களை அடக்காமல் விட்டவர் அவர். செய்ய வேண்டிய காலத்தில் கையைக் கட்டிக்கொண்டிருந்துவிட்டு, கடைசியில் 'கர்த்தருடைய சித்தம்' என்கிறார். அதை விட்டுவிட்டார் என்று சொல்லலாம், ஒப்புக்கொடுத்தார் என்று எனக்குச் சொல்ல வரவில்லை.

ஆலயத்தில் ஜெபித்த அன்று அன்னாள் அப்படி ஒரு நல்ல வாக்கியமும் சொல்லவில்லை. அழுகிறாள், கேட்கிறாள், பொருத்தனை பண்ணுகிறாள், உதடு அசைகிறது, சத்தம் வரவில்லை. குடித்திருக்கிறாள் என்று அதே ஏலி நினைக்கிறார். தன் இருதயத்தைக் கர்த்தருடைய சந்நிதியில் ஊற்றிவிட்டதாக அவள் சொல்கிறாள். அப்புறம் எழுந்து போய்ச் சாப்பிடுகிறாள், பிறகு அவள் துக்கமுகமாயிருக்கவில்லை என்று எழுதியிருக்கிறது. பிள்ளை இன்னும் கிடைக்கவில்லை. எதுவுமே மாறவில்லை. முகம் மட்டும் மாறியிருக்கிறது.

ஊற்றினபின் சாப்பிட உட்கார முடிகிறதா என்று என்னை நான் இப்போதெல்லாம் கேட்டுப் பார்த்துக்கொள்கிறேன்.

11 மார்ச்

ஒரு சகோதரி எனக்குத் தனியாக எழுதினாள். என்ன எழுதினாள் என்பதை இங்கே சொல்ல மாட்டேன். அவள் கேட்ட ஒரு வரியை மட்டும் அவள் அனுமதியோடு போடுகிறேன்: "அடங்கியிருங்கள் என்று நீங்களும் எழுதிவிட்டீர்கள் அக்கா. என்னை அடிக்கிறவரும் இதே வசனத்தைத்தான் சொல்கிறார்."

படித்ததும் உடம்பு நடுங்கியது. நம் மொழியில் 'அடங்கு' என்ற சொல்லுக்கு எத்தனை வீட்டுக் கதவு சாத்தியிருக்கிறது என்று யோசிக்காமல் எழுதிவிட்டேன். மன்னித்துக்கொள்.

வசனம் "அவருடைய பலத்த கைக்குள்" என்கிறது. அவருடைய கை. அடிக்கிற கைக்குள் அடங்கு என்று பேதுரு எழுதவில்லை. மனத்தாழ்மையுள்ளவர் என்று தம்மையே சொன்ன இயேசுவைப் பிரதான ஆசாரியனின் வீட்டில் ஒரு சேவகன் அறைந்தான். அவர் பேசாமல் வாங்கிக்கொள்ளவில்லை. நான் தவறாகப் பேசியிருந்தால் எதுவென்று காட்டு, சரியாகப் பேசியிருந்தால் என்னை ஏன் அடிக்கிறாய் என்று கேட்டார். யோவான் 18:23. பிலிப்பி சிறையில் பவுலை ரகசியமாக வெளியே அனுப்பிவிடப் பார்த்தார்கள். அவர் நகரவில்லை. விசாரிக்காமல் எல்லார் முன்னாலும் அடித்தவர்கள் அவர்களே வந்து வெளியே அழைத்துப் போகட்டும் என்றார். அப்போஸ்தலர் 16:37. அந்த நடுராத்திரியில் காயத்தோடு பாடிக்கொண்டிருந்தவர் அவர்தான். பாட்டும் அதே ஆளிடமிருந்து வந்தது, கேள்வியும் அதே ஆளிடமிருந்து வந்தது.

தாழ்மை என்ற பெயரில் அடியை வாங்கிக்கொள்ளச் சொல்கிறவர் போதகராக இருந்தாலும் கேட்காதே. பத்திரமான இடத்துக்குப் போ. நம்புகிற ஒருவரிடம் சொல், சட்டத்தின் உதவியைக் கேள். உன்னை ஆண்டவருக்கு ஒப்புக்கொடுத்திருக்கிறாய் என்றால் நீ அவருடைய உடைமை. அவருடைய உடைமையை அடிக்க யாருக்கும் உரிமை கிடையாது.

12 மார்ச்

நேற்றையதோடு சேர வேண்டியது. மனத்தாழ்மை என்று நாம் படிக்கிற கிரேக்கச் சொல் புதிய ஏற்பாட்டில் ஏழு இடங்களில் வருகிறது. அந்த ஏழில் இரண்டு போலித் தாழ்மையைக் குறித்தவை. இரண்டும் கொலோசெயர் 2-ல் இருக்கின்றன. ஒன்றை நம் மொழிபெயர்ப்பு "மாயமான தாழ்மை" என்றே சொல்கிறது. அப்புறம் அடுத்த அதிகாரத்திலேயே அதே சொல்லை உடுத்திக்கொள்ள வேண்டியவற்றில் ஒன்றாகப் பவுல் வைக்கிறார். பொய் நாணயம் புழங்குகிறது என்பதற்காக நல்ல நாணயத்தை அவர் தூக்கிப் போடவில்லை. எந்தக் கையிலிருந்து வருகிறது என்று பார்த்து வாங்கச் சொல்கிறார்.

16 மார்ச்

இதை எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். மாயமான தாழ்மை என்று மற்றவர்களுக்கு எழுதிவிட்டு என்னுடையதை மறைத்து வைப்பது சரியாகப் படவில்லை.

பத்தொன்பது வருடம் ஞாயிறு பள்ளி நடத்தினேன். போன வருடம் ஒரு நாள் ஆராதனை முடிவில், இனி இன்னார் நடத்துவார் என்று அறிவித்தார்கள். முன்கூட்டி என்னிடம் யாரும் ஒரு வார்த்தை பேசவில்லை. எல்லாரும் கேட்டபோதுதான் நானும் கேட்டேன். அங்கேயே அலமாரிச் சாவியைக் கொடுக்கச் சொன்னார்கள். என் சாவிக்கொத்தின் வளையம் இரட்டைச் சுற்று, இறுக்கமானது. நகத்தால் நெம்பிச் சுற்றிச் சுற்றித்தான் கழற்ற வேண்டும். அத்தனை பேர் பார்க்கக் கழற்றினேன். பாதியில் கட்டைவிரல் நகம் மடிந்து ரத்தம் கசிந்தது. விரலை மடக்கிக்கொண்டு சிரித்த முகமாகக் கொடுத்தேன். "ஆண்டவருடைய ஊழியம்தானே, யார் செய்தால் என்ன" என்றேன். எவ்வளவு தாழ்மை பாருங்கள் என்று நாலு பேர் சொன்னார்கள். எனக்கு அது இனிப்பாக இருந்தது.

அதற்குப் பிறகு ஏழு மாதம் என் கண் அந்த வகுப்பறையின் மேலேயே இருந்தது. எத்தனை பிள்ளைகள் வந்தார்கள், பாட்டில் சுருதி சேர்ந்ததா, என் இடத்துக்கு வந்த பெண் மனப்பாட வசனம் கேட்கிறாளா. பன்னிரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த கிளேர்வோ மடத்துப் பெர்னார்ட் பெருமையின் படிகளைப் பன்னிரண்டாக எண்ணியிருக்கிறார். அவருக்கு ஆறு நூற்றாண்டு முன்னால் பெனடிக்ட் தம் மடத்து ஒழுங்கில் தாழ்மைக்குப் பன்னிரண்டு படி வைத்திருந்தார், அதைப் பெர்னார்ட் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தார். பெருமையின் முதல் படி என்று அவர் எதை வைத்தார் தெரியுமா? ஆணவப் பேச்சையோ அதிகாரத்தையோ வைக்கவில்லை. கண் அலைவதை வைத்தார். தன்னைப் பார்க்க வேண்டிய கண் அடுத்தவர்மேல் போய் அலைவது. ஏழு மாதமும் நான் அந்தப் படியில்தான் நின்றிருக்கிறேன்.

தாழ் என்றால் நம் மொழியில் தாழ்ப்பாளும்தான். அந்த நாட்களில் என் தாழ்மை அந்த வகையைச் சேர்ந்தது. வெளியிலிருந்து பார்த்தால் கதவு அமைதியாகச் சாத்தியிருக்கும். உள்ளே தாழ் போட்டிருந்தேன். அந்தப் பெண்ணும் உள்ளே வரக்கூடாது, ஆண்டவரும் வரக்கூடாது.

1755 ஆகஸ்ட் 11-ம் தேதி, மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி, ஆண்டவருக்குத் தங்களை மறுபடி ஒப்புக்கொடுக்கிற முதல் உடன்படிக்கை ஆராதனையைத் தம் மக்களோடு நடத்தினார். அந்த வழக்கத்தில் வந்த ஜெபத்தை இன்றும் பல சபைகள் வருடத் தொடக்கத்தில் சொல்கின்றன. அதில் ஒரு வரி: உமக்காக என்னைப் பயன்படுத்தும், அல்லது உமக்காக என்னை ஒதுக்கி வையும். நானும் சபையாரோடு சேர்ந்து எத்தனையோ தடவை சொல்லியிருக்கிறேன். 'பயன்படுத்தும்' என்பதை மட்டும் ஜெபமாகச் சொல்லியிருக்கிறேன், 'ஒதுக்கி வையும்' என்பது வாயில் வந்து போயிருக்கிறது. ஒதுக்கி வைத்தபோதுதான் அது ஜெபம் என்று தெரிந்தது.

சொல்லாமல் செய்தது சரியில்லை. அதை இப்போதும் சொல்வேன், சம்பந்தப்பட்டவர்களிடம் நேராகவும் சொல்லிவிட்டேன். என் உள்ளே நடந்தது அதற்கு அப்பாற்பட்ட கணக்கு.

17 மார்ச்

"ஊழியத்தில் நான் நன்றாகச் செய்தேன் என்று நினைப்பதே பெருமையா?" இல்லை. 1 கொரிந்தியர் 15:9-ல் பவுல் அப்போஸ்தலர்களில் தானே மிகச் சிறியவன் என்கிறார். அடுத்த வசனத்திலேயே அவர்கள் எல்லாரைவிடவும் அதிகமாகப் பிரயாசப்பட்டேன் என்கிறார். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்ல அவருக்குக் கூச்சமில்லை, ஏனென்றால் அதே வசனம் "நான் அல்ல, என்னுடனே இருக்கிற தேவகிருபையே" என்று முடிகிறது. செய்ததைச் செய்யவில்லை என்று சொன்னால் அது பொய். பத்தொன்பது வருடம் நன்றாகத்தான் நடத்தினேன்.

20 மார்ச்

ஒப்புக்கொடுத்தால் கடைசியில் நல்ல பலன் கண்ணால் பார்க்கலாம் என்று ஒருவர் சாட்சி எழுதியிருக்கிறார். அவருக்குக் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம். எல்லாருக்கும் அப்படி அமைவதில்லை என்பதையும் பக்கத்தில் எழுதி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் இதைப் படிக்கிற தம்பி இன்னொரு கணக்குப் போடத் தொடங்கிவிடுவான்.

சார்ல்ஸ் தெ ஃபூக்கோ என்ற பிரெஞ்சுக்காரர். "பிதாவே, என்னை உம்முடைய கைகளில் ஒப்புவிக்கிறேன்" என்ற பொருளில் தொடங்கி உலகமெங்கும் சொல்லப்படுகிற ஒப்புவிப்பு ஜெபம் அவருடைய தியானத்திலிருந்து எடுத்தது. சிலுவையில் இயேசு கடைசியாகச் சொன்ன வார்த்தைகளைத் தியானித்து அவர் எழுதியது. சகாராவில் தாமன்ராசெத் என்ற இடத்தில் துவாரெக் மக்கள் நடுவில் வாழ்ந்தார். தம்மோடு சேர்ந்து வாழச் சகோதரர்கள் வருவார்கள் என்று ஒழுங்குவிதிகளெல்லாம் எழுதி வைத்துக் காத்திருந்தார். நிலைத்துத் தங்க ஒருவரும் வரவில்லை. 1916 டிசம்பர் 1 அன்று சுடப்பட்டு இறந்தார். அவர் வழியில் சகோதரர்களின் சபை 1933-ல்தான் உருவானது. 2022-ல் புனிதர் என்று அறிவித்தார்கள். அதெல்லாம் அவர் கண்டதல்ல. அவர் கண்டது காலி அறைகள்.

'உம்முடைய கைகளில்' என்பதைக் காலி அறையில் நின்று சொல்வது எப்படி இருக்கும் என்று நான் இரண்டு நாளாக நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

24 மார்ச், குருத்தோலை ஞாயிறு

3-ம் தேதி எழுதியதில் ஒன்று விட்டுப்போயிற்று, இன்றைக்கு வாசித்த பகுதியில்தான் கண்ணில் பட்டது. பேதுரு 'போட்டு' என்று சொல்கிற அந்த வினை புதிய ஏற்பாட்டில் இன்னும் ஒரே ஒரு இடத்தில்தான் வருகிறது. லூக்கா 19:35. கழுதைக்குட்டியின்மேல் தங்கள் வஸ்திரங்களைப் போட்டார்கள் என்கிற இடம். அதே சொல், அதே எச்ச வடிவம்.

தோளில் கிடந்ததை எடுத்துக் குட்டியின் முதுகில் போடுகிறார்கள். அவர் அதன்மேல் உட்காருகிறார். அவர் உட்கார்ந்திருக்கிற துணியை உருவி எடுத்துக்கொள்ள யாருக்குத் தோன்றும்? தம்பி, காலையில் பயம் வரும்போது இந்தப் படத்தை நினைத்துப் பார். உன் அம்மாவின் உடம்பைப் பற்றிய கவலையை எடுத்துப் போடு, அவர் அதன்மேல் உட்காரட்டும்.

28 மார்ச், பெரிய வியாழன், இரவு

இன்று கால் கழுவுகிற ஆராதனை. அப்பாவின் ஞாபகம்.

பக்கவாதத்துக்குப் பிறகு அப்பா இரண்டு வருடம் இருந்தார். வலது பக்கம் வேலை செய்யவில்லை. யாரிடமும் கைநீட்டாத மனிதர், எங்கள் யாரையும் தொட விடமாட்டார். உடம்பு துடைக்கப் போனால் இடது கையால் துணியைப் பிடுங்குவார். பாதி துடைப்பார், துணி நழுவி விழும், குனிந்து எடுக்க முடியாது. முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். அப்பா எப்போதும் ஜெபிக்கிறவர். "என்னை முழுவதும் எடுத்துக்கொள்ளும்" என்று அவர் ஜெபிப்பதைக் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள்.

நாலைந்து மாதம் போயிருக்கும். ஒரு சாயங்காலம் தண்ணீரும் துணியும் கொண்டுபோய் வைத்தேன். சுவரைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தார். இடது கையால் தன் வலது காலைத் தூக்கிக் கட்டிலின் ஓரத்துக்கு நகர்த்தி, என் பக்கம் வைத்தார். குதிகாலில் வெடிப்பு. நகம் வெட்டிப் பல வாரம் ஆகியிருந்தது. ஒன்றும் பேசவில்லை. கழுவினேன். விரல் இடுக்கெல்லாம் துடைத்தேன். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. துடைக்கக் கையைத் தூக்கவில்லை, அதையும் நான் துடைக்க விட்டார்.

பேதுரு "நீர் ஒருக்காலும் என் கால்களைக் கழுவப்படாது" என்றபோது தாழ்மையோடுதான் பேசுகிறோம் என்று நினைத்திருப்பான். நான் எப்பேர்ப்பட்டவன், நீர் எப்பேர்ப்பட்டவர். ஆனால் இயேசு அதை ஏற்கவில்லை. நான் உன்னைக் கழுவாவிட்டால் என்னிடத்தில் உனக்குப் பங்கில்லை என்றார். வருடங்கள் கழித்து அதே பேதுருதான் "மனத்தாழ்மையை அணிந்துகொள்ளுங்கள்" என்று எழுதுகிறான். அங்கே 'அணிந்துகொள்' என்பதற்கு அவன் எடுத்த சொல், வேலைக்காரன் துணியை முடிச்சுப் போட்டு இடுப்பில் கட்டிக்கொள்வதைக் காட்டுவது என்று விளக்கவுரை எழுதிய பலர் சொல்கிறார்கள். அந்த இரவு ஒரு சீலையை எடுத்து இடுப்பில் கட்டிக்கொண்டு தன் காலடியில் குனிந்தவரை அவன் மறக்கவில்லை.

அப்பாவின் அத்தனை வருட ஜெபத்துக்கும் அந்தக் கால்தான் பதில் என்று நான் நினைக்கிறேன்.

2 ஏப்ரல்

கேள்வி கேட்ட தம்பி எழுதியிருக்கிறான். பயம் போகவில்லையாம். காலையில் வந்தது, சொன்னேன், மதியம் வந்தது, மறுபடி சொன்னேன் என்கிறான். அம்மாவின் பரிசோதனைக்கு நாள் குறித்தாயிற்று. போ, கூட உட்கார்ந்திரு. காத்திருக்கும்போது உனக்கு மாற்றாக யாராவது வருவதாகச் சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடாதே.

7 ஏப்ரல்

இன்று ஆராதனை முடிந்ததும் ஞாயிறு பள்ளி நடத்துகிற அந்தப் பெண் என்னிடம் வந்தாள். பழைய வருகைப் பதிவேட்டைத் தேடிக் கிடைக்கவில்லையாம். கீழ்த்தட்டில், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்குப் பின்னால், நீல அட்டை போட்டது என்றேன். இருந்தது. அப்புறம் கொஞ்சம் தயங்கிவிட்டு, இரண்டு வாரம் தான் இருக்கமாட்டேன், அதுவரை வகுப்பை நீங்கள் பார்த்துக்கொள்ள முடியுமா அக்கா என்று கேட்டாள்.

தன் கொத்திலிருந்து அலமாரிச் சாவியைக் கழற்ற நகத்தால் நெம்பினாள். அவளுடைய வளையமும் அதே மாதிரி இறுக்கம். இரு, நகம் போய்விடும் என்று ஒரு ஊக்கை எடுத்து வளையத்தின் நடுவில் செருகிக் காட்டினேன். உடனே கழன்றுவிட்டது. "ஊக்கை நீயே வைத்துக்கொள், திரும்ப மாட்டும்போது வேண்டியிருக்கும்" என்றேன்.

சாவியை என் கொத்தில் மாட்டவில்லை. வேதாகமத்தின் உறைக்குள் தனியாகப் போட்டு வைத்திருக்கிறேன். 21-ம் தேதி அவள் வந்துவிடுவாள்.